கரண்டு சரியில்லை

நாகூரிலுள்ள நம் பூர்வீக வீட்டை விற்றுவிடுவதென்று உடன்பிறந்தோர் நால்வரும் கூடி முடிவு செய்தபின், பரணை ஒழிக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது. நானா சென்னையில் இருக்கிறார். தங்கையர் இருவரும் வாழ்க்கைப்பட்ட ஊர்களில் இருக்கின்றனர். பணி ஓய்வு பெற்று உம்மாவுடன் பொழுது போக்கிக்கொண்டிருப்பவர் நாம் ஒருவரே. ஈயம் போன தேக்சாக்கள் இரண்டு, கால் முறிந்த தொட்டில் ஒன்று, துணியில் முடிந்த சஹன்கள், பூச்சி அரித்த பெட்டகம் ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிய பிறகு, சுவரோரத்தில் பழைய பாய் சுற்றிச் சணற்கயிற்றால் கட்டப்பட்ட ஒரு சாமான் எஞ்சி நின்றது. அவிழ்த்துப் பார்க்காமலே அது என்னவென்று நமக்குத் தெரிந்துவிட்டது.

பழைய இரும்பு எடுக்க வந்தவர் தூக்கிப் பார்த்து நூற்றைம்பது ரூபாய் என்றார். தொலைபேசியில் கேட்டதற்கு நானா, "கொடுத்து அனுப்பு தம்பி, உருப்படாத சாமான்" என்றார். முற்றத்து நாற்காலியில் தஸ்பீஹுடன் அமர்ந்திருந்த உம்மா மட்டும், "அது உங்க வாப்பா மடியில வச்சுக் கொண்டாந்ததுல்ல" என்றார்கள். விற்கச் சொல்லவும் இல்லை, விற்க வேண்டாமென்று சொல்லவும் இல்லை. இரும்புக்காரர் தேக்சாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்பது மிகையான பேச்சன்று. வாப்பா அவர்கள் சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினான்கு ஆண்டுகள் கணக்கெழுதியவர்கள். 1971-ஆம் ஆண்டு ஊரோடு வந்துவிடுவதென்று முடிவு செய்து, 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலை அறியாத சபுராளி வீடு அன்று நம் கடற்கரையூர்களில் இராது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில் கரை சேர வேண்டும். மற்றப் பெட்டிகளைப் படகுக்காரரிடம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் மடியில் ஏந்தி வந்தார்களாம். அப்போது நமக்கு ஒன்பது வயது. படகிலிருந்து இறங்கிய வாப்பா நம்மைத் தூக்குவதற்கு முன்னர் அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் தூக்கினார்கள் என்பதை நாம் இன்றும் மறக்கவில்லை.

ரிக்கார்டு பிளேயர் என்று நகரத்தார் சொல்வர். நம் தெருவில் அதற்குப் பாட்டுப்பெட்டி என்றே பெயர். இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்னும் ஊரில் செய்யப்பட்ட காரர்ட் எஸ்.பி. 25. காரர்ட் என்பது ஆங்கில அரச குடும்பத்துக்கு நகை செய்த நிறுவனத்தின் பெயர். முதல் உலகப்போர் நடந்த 1915-இல், பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவிகளைச் செய்வதற்காக அவர்கள் ஒரு பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கினர். போர் முடிந்ததும் அதே நுட்பமான கைகள் கிராமபோனுக்குச் சுருள்வில் மோட்டார் செய்யத் தொடங்கின. குண்டு விழும் இடத்தைக் கணித்தவர்கள் பாட்டுச் சுழலும் வேகத்தைக் கணிக்க வந்தனர் என்பது நமக்கு உவப்பான செய்தி.

இஷா தொழுகைக்குப் பிறகு திண்ணையில் ஆண்கள் கூடுவர். கதவுக்கு உட்புறம் பெண்களுக்குப் பாய் விரித்திருக்கும். நம்மூர்ப் பாடகர் ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல் தெருக்கோடிவரை கேட்கும். பாட்டு முடிந்ததும் கை தானாகவே எழுந்து, தானாகவே போய்த் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதைக் காண்பதற்கென்றே வந்த கிழவர்களும் உண்டு. வாப்பாவைத் தவிர வேறு யாரும் தட்டைத் தொடக்கூடாது. தட்டை விளிம்பால் ஏந்தி, ஊதித் தூசி போக்கி வைக்கும்போது அவர்கள் முகத்தில் இருந்த பெருமிதத்தை வேறு எப்போதும் நாம் கண்டதில்லை. ஊரோடு வந்தபின் வைத்த சிறு கடை அவர்களுக்கு அந்தப் பெருமிதத்தைத் தரவில்லை.

1978-இல் பெரிய தங்கையின் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தனர். விருந்து முடிந்து வெற்றிலை மாற்றிய பின்னர், வாப்பா பெட்டியைத் திறந்து தட்டை வைத்தார்கள். எழுந்தது ஹனீபா அவர்களின் குரலன்று. ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசும் சிறுவனின் கீச்சுக் குரல். தபேலா குதிரை வண்டி போல ஓடிற்று. இளைஞர்கள் சிரித்துவிட்டனர். மாப்பிள்ளையின் மாமா வாயில் வெற்றிலையோடு சிரித்துத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வாப்பா ஊசியை எடுத்து, மூடியைக் கவிழ்த்து, "கரண்டு சரியில்லை" என்றார்கள். மறுநாள் காலை பெட்டி பரணுக்குப் போயிற்று. அதன்பின் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நாம் பேசினோம். சோறு குழைந்தால் கரண்டு சரியில்லை; தேர்வில் மதிப்பெண் குறைந்தால் கரண்டு சரியில்லை; மழை பொய்த்தாலும் கரண்டு சரியில்லை. எத்தனையோ ஆண்டுகள் அந்தச் சொல் நம் குடும்பத்தின் வேடிக்கைப் பேச்சாக வழங்கி வந்தது. வாப்பாவின் காதுபடவும் வழங்கியது.

நிற்க. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தவர் நாம். புணர்ச்சி விதி தெரியும். பியூஸ் போடத் தெரியாது. ஆயினும் வீடு கைமாறுவதற்கு மூன்று மாதத் தவணை இருந்தது, உம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம் காதில் இருந்தது, நாமே பழுது பார்ப்பதென்று துணிந்தோம். பேரன் எங்கிருந்தோ தேடி எடுத்துப் பழைய கையேடு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தான். பிஸ்மி சொல்லித் திருப்புளியைக் கையில் எடுத்தோம்.

முதல் நாளே பிழை. நடுத்தண்டில் தட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு வளையக் கிளிப் ஒன்று உண்டு. அதைத் திருப்புளியால் நெம்பியதும் விட்டில் போலத் துள்ளி எங்கோ மறைந்தது. அஸர் வரை தரையில் தவழ்ந்து தேடினோம். அலமாரியின் அடியில் துடைப்பக் குச்சியால் துழாவிக் கிளிப்போடு நானாவின் காணாமற்போன கோலிக்குண்டு ஒன்றையும் எடுத்தோம். இரண்டாம் நாள் அதைவிடப் பெரிய பிழை. ஓடாத இயந்திரத்துக்கு எண்ணெய்தான் மருந்து என்ற எண்ணத்தில் தையல் மெஷின் எண்ணெயை உள்ளே தெரிந்த இடமெல்லாம் விட்டோம். அது ரப்பர் சக்கரத்திலும் வழிந்தது. உராய்வினால் ஓடும் இயந்திரத்தில் உராயும் இடத்திலேயே எண்ணெய் விட்டவர் இவ்வுலகில் நாம் ஒருவராகத்தான் இருப்போம்.

நாகப்பட்டினத்தில் ரேடியோ பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சுவிட்சில் இருந்த பழைய கண்டென்சரை மட்டும் தாமே மாற்றிக் கொடுத்தார். ஐம்பது வருடக் கண்டென்சர் வெடித்தாலும் வெடிக்கும் என்றார். "மத்ததை நீங்களே செய்யுங்க சாரு. இது யோசிச்சுச் செய்யுற வேலை, உங்களுக்குப் பொழுது இருக்குது. மொதல்ல ஸ்பிரிட்டு வாங்கி அந்த எண்ணெய எல்லாம் தொடைங்க. பிளக்கைப் புடுங்கிட்டுத் தொடைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

துடைக்கத் துடைக்கத்தான் பழுது எங்கே என்பது விளங்கிற்று. எதுவும் உடையவில்லை. ஸ்விண்டனில் இட்ட கிரீஸ் அரை நூற்றாண்டில் அரக்குப் போல் இறுகி, அசைய வேண்டியவற்றையெல்லாம் ஒட்டிப் பிடித்திருந்தது. கம்பெனியின் குறையன்று, எந்தக் கிரீசும் அப்படித்தான் ஆகும். பற்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு நெம்புகோலாகக் கரைத்து எடுத்தோம். அப்படிச் செய்கையில்தான், பாட்டு முடிந்ததை அந்தக் கை எவ்வாறு அறிந்தது என்ற சிறுவயதுப் புதிருக்கு விடை கிடைத்தது.

பாட்டு ஓடும்போது தட்டின் ஒரு சுற்றுக்குக் கை உட்புறம் நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அந்த நகர்வு தட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய நாக்கு ஒன்றைச் சற்றே முன்னே தள்ளுகிறது. நடுத்தண்டில் இருக்கும் ஒரு பல் ஒவ்வொரு சுற்றிலும் வந்து அந்த நாக்கைத் தட்டிப் பின்னே அனுப்பிவிடுகிறது. தூங்கி விழும் மாணவனின் தலையை வரிசை சுற்றிவரும் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் நிமிர்த்தி வைப்பது போல. பாட்டு முடிந்ததும் வரிகள் அகன்றுவிடுகின்றன. கை ஒரே சுற்றில் பல மில்லிமீட்டர் பாய்கிறது. நாக்கு அதிகமாக முன்னே வந்துவிட, பல் அதைத் தட்டுவதற்குப் பதில் கொக்கி போல் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் பெரிய பற்சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கையைத் தூக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. இத்தனையும் ஓர் இலை எடை கூட இல்லாத நாக்கினால் நடக்கிறது. அங்கே மட்டும் எண்ணெயோ கிரீசோ ஒரு துளியும் கூடாது. கையேடு அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாம்தான் எண்ணெய் விட்டபின் அந்தப் பக்கத்தைப் படித்தோம்.

அடுத்தது ரப்பர் சக்கரம். மோட்டாரின் தண்டில் படிப்படியாக அமைந்த சிறு கப்பி ஒன்று இருக்கிறது. மெல்லிய படி 33⅓ வேகத்துக்கு, அடுத்தது 45-க்கு, தடித்தது 78-க்கு. ரப்பர் சக்கரம் ஒருபுறம் கப்பியையும் மறுபுறம் தட்டின் உள்விளிம்பையும் தொட்டு நின்று ஓட்டத்தைக் கடத்துகிறது. நம் சக்கரத்தின் விளிம்பு கண்ணாடி போல வழவழத்துப் போயிருந்தது. பெரியவர் சொன்னபடி ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளை இலேசாகக் காட்டினோம். கருமை உதிர்ந்து பழைய ரப்பரின் மணம் வந்தது.

ஊசிக்கு வழி செய்தவர் நானாதான். உருப்படாத சாமான் என்றவர், நாம் ஊசியின் எண்ணை எழுதி அனுப்பியதும், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி அனுப்பினார். பொட்டலத்தின் மேல், "மூர் மார்க்கெட் எரியாமல் இருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். 1985-இல் எரிந்து போன அந்தச் சந்தையில் பழைய இசைத்தட்டுகள் குவிந்து கிடந்ததை அவர் மாணவப் பருவத்தில் கண்டவர். ஊசி தட்டின் மீது சுமார் நான்கு கிராம் எடையோடு நிற்க வேண்டும். தெருமுனை நகைக்கடைக்காரரின் மின்தராசை இரவல் வாங்கி அளந்தோம்.

எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போட்டதும் தட்டு சுழன்றது. அல்ஹம்து லில்லாஹ் என்று உரக்கச் சொல்லிவிட்டோம். உம்மா உள்ளிருந்து, "என்னா தம்பி, கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள்.

வேகம் சரிதானா என்பதைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி; சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது, நிமிடத்துக்கு 6000 முறை. 6000-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 180. வட்டமான தாளில் 180 கோடுகள் வரைந்து தட்டின்மேல் வைத்தால், வேகம் சரியாக இருக்கும்போது அக்கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். முதலில் கூடத்து எல்.இ.டி. விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, கோடுகள் வெறும் சாம்பல் நிறமாகக் கலங்கியது கண்டு திகைத்தோம். பிறகு சமையற்கட்டில் எஞ்சியிருந்த பழைய டியூப் லைட்டின் அடியில் வைத்தோம். கோடுகள் தெரிந்தன, ஆனால் நிற்கவில்லை. முன்னோக்கி விரைந்து ஓடின. விளிம்பில் தாள் துண்டு ஒட்டி, கடிகாரம் பார்த்து எண்ணினோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 37 சுற்று.

மோட்டார் மெதுவாக ஓடினால் காரணம் சொல்லலாம். பழைய இயந்திரம், களைத்திருக்கும். ஐம்பதாண்டு கழித்து விரைந்து ஓடுவானேன்? சிங்கப்பூரிலும் நம் நாட்டைப் போல 50 சுழற்சி மின்சாரமே. ஆகவே அந்தக் கோளாறும் இல்லை. இரண்டு நாள் கையேட்டைப் புரட்டிப் பயனின்றி, மூன்றாம் நாள் தட்டைக் கழற்றிவிட்டு ஓடும் மோட்டாரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கப்பியின் மெல்லிய படிகள் இரண்டும் கறுப்பாகவும் தடித்த படி மட்டும் பளபளப்பாகவும் இருப்பது கண்ணில் பட்டது. துடைத்தபோது அதைக் கிரீஸ் கறை என்றோ, கம்பெனியே போட்ட உறை என்றோ கருதி விட்டிருந்தோம். நிறுத்திவிட்டு நகத்தால் கீறினோம். மரப்பட்டை போல் காய்ந்த துணி டேப். மின்கம்பிகளை ஒட்டுவதற்கு அந்நாளில் இருந்த கறுப்பு டேப். ஓரம் சீராகக் கத்தரிக்கப்பட்டு, ஒரு சுற்று, மிகக் கவனமாக, சுருக்கமின்றி ஒட்டப்பட்டிருந்தது.

அந்தக் கத்தரிப்பை நாம் அறிவோம். பள்ளி நோட்டுகளுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கொடுத்த கை அது.

டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பார்வை மங்கிய எண்பத்து நான்கு வயதில் அவர்களுக்கு அது தெரிந்ததோ தெரியவில்லையோ. விரலால் தடவிப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றதுக்கு முந்தி பாட்டு இழுத்து இழுத்து ஓடுச்சு. ரெண்டு ராத்திரி நீங்கள்லாம் தூங்குனதுக்கப்புறம் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான்தான் விளக்குப் புடிச்சேன். கத்திரிக்கோல் என் தையப் பொட்டியிலேருந்துதான் எடுத்தாங்க. சக்கரம் வழுக்குது புள்ளே, புடிமானம் கொடுத்துட்டா ஓடிரும்னாங்க. ஓடவும் செஞ்சிச்சு."

"பாட்டுப் போட்டுப் பார்க்கலியா உம்மா?"

"ராத்திரி ரெண்டு மணிக்கா? நீங்க முழிச்சிக்குவீங்கன்னு, தட்டு சுத்துறத மட்டும் பாத்துட்டுப் படுத்துட்டாங்க." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுநாள் நீதான் மொதல்ல சிரிச்சே" என்றார்கள்.

இளைஞர்கள் சிரித்தனர் என்று மேலே எழுதினோம். முதலில் சிரித்தவர் நாம்தான். அப்போது பதினாறு வயது.

வாப்பா நோயைச் சரியாகவே கண்டிருந்தார்கள்; மருந்தை வைத்த இடம்தான் பிசகியது. வழுக்கியது ரப்பர் சக்கரம். டேப்பை அந்தச் சக்கரத்தின் மீது ஒட்டியிருந்தால் கரகரவென்ற இரைச்சல் வந்திருக்கும், வேகம் மாறியிராது. படகிலிருந்து கரைக்கு மூட்டை மாற்றும் வரிசையில் நடுவில் நிற்பவர் நெட்டையானாலும் குட்டையானாலும் மூட்டை நகரும் வேகம் மாறாததைப் போல, இடையில் நிற்கும் சக்கரம் பெரிதோ சிறிதோ அது கணக்கில் வராது. கணக்கில் வருவது கப்பி. மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1400 முறை சுழல்கிறது. தட்டு 33⅓ முறை. ஆகவே கப்பியின் விட்டம் தட்டின் உள்விளிம்பினுடையதில் ஏறத்தாழ நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. நாம் அளந்தபோது ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. அத்தனை மெல்லிய தண்டில் இருபுறமுமாக அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடினால், வேகம் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். பத்தில் ஒரு பங்கு போதும், கம்பீரமான குரல் கீச்சுக் குரலாக.

கையேடு இருந்ததால் நமக்கு இது தெரிந்தது. மின்விளக்கு அணைத்த வீட்டில், உம்மா பிடித்த விளக்கொளியில், கையேடின்றி இவ்வளவு தூரம் வந்தவர்கள் அவர்கள். எண்ணெய் விட்டதைப் பற்றி உம்மாவிடம் நாம் சொல்லவில்லை.

டேப்பின் பசை கப்பியில் கெட்டியாகப் படிந்திருந்தது. கத்தி படக்கூடாது, கப்பியில் கீறல் விழுந்தால் பாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்கும். ஸ்பிரிட் துணியைச் சுற்றி வைத்து, ஊறவிட்டு, நகத்தால் சிறிது சிறிதாக எடுத்தோம். லுஹருக்குத் தொடங்கியது மஃரிபுக்குத்தான் முடிந்தது. டியூப் லைட்டின் கீழ்த் தாளை வைத்தோம். 180 கோடுகளும், மெல்ல ஒரு பக்கம் நகர்வது போலக் காட்டி, நின்றன.

பழைய பெருக்கி செத்துப் போயிருந்தது. அதை உயிர்ப்பிக்கும் துணிவு நமக்கு இல்லை. பேரனின் ஒலிபெருக்கியில் கம்பியை இணைத்தோம். அந்நாளைய செராமிக் கார்ட்ரிட்ஜும் இந்நாளைய ஒலிபெருக்கியும் முழுக்க ஒத்துப்போவதில்லை. அடிக்குரல் மெலிந்துதான் கேட்டது. தட்டிலோ ஐம்பதாண்டுத் தூசியின் பொரியல் ஓசை. ஆனால் பாடியது ஹனீபா அவர்கள்தான். 2015-இல் அவர்கள் மறைந்தபோது நம் தெரு அமைதியாக இருந்ததை நினைத்துக்கொண்டோம்.

தங்கையர் இருவருக்கும் தொலைபேசியில் கேட்கச் செய்தோம். பெரியவள் ஒன்றும் பேசவில்லை. நானா, "வாப்பா வச்சிருந்த மாதிரியே சத்தம் வை" என்றார்.

உம்மாவுக்குக் காது மந்தம். நாற்காலியை ஒலிபெருக்கிக்கு அருகே இழுத்துப் போட்டோம். முக்காட்டை ஒரு காதிலிருந்து ஒதுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். பாட்டு முடிந்தது. கை எழுந்தது, நகர்ந்தது, நடுவழியில் ஒரு கணம் தயங்கிப் பின் தன் இடத்தில் போய் அமர்ந்தது.

"இன்னைக்குக் கரண்டு சரியா இருக்குது" என்றார்கள் உம்மா. "திருப்பிப் போடு."